'முழுசாகப் புதுப்பித்தது' என்று விற்கும் 1966 எம்ஜிபி: பணம் கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி நிறுவனத்தின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று, மடக்குக் கூரையோடு, தனிநபர் விற்பனைக்கு வந்திருக்கிறது. 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, எஞ்சின் பிரித்துச் சேர்த்தது, புது பெயின்ட், புது லெதர் சீட், ஹெரிடேஜ் சான்றிதழ் உண்டு' என்கிறது விளம்பரம். கேட்பவர் இதுவரை பழைய கார் வைத்திருந்ததில்லை. வாங்கலாமா, எதைப் பார்க்க வேண்டும், பிற்பாடு விலை ஏறுமா என்று கேட்கிறார்.

அந்த விளம்பரத்தில் எஞ்சின், பெயின்ட், சீட், சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. கதவுக்கு அடியில் இருக்கும், 'சில்' என்று சொல்லும் தகடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் விற்பவருக்கு போன் போட்டால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்: "சில் மாற்றினீர்களா? மாற்றும்போது எடுத்த போட்டோ இருக்கிறதா?" பதில் தடுமாறினால் நேரில் போகும் பெட்ரோல் செலவு மிச்சம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதற்கு முந்தைய எம்ஜிஏ-வில் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு, அதன் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கும். 1962-இல் வந்த எம்ஜிபி-யில் சேஸிஸ் கிடையாது. பாடியே எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. அதிலும் ரோட்ஸ்டருக்கு மேலே கூரைத் தகடு இல்லை. ஆகவே வண்டி நடுவில் மடங்காமல் பிடித்து நிற்பது பெரும்பாலும் இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் ஓடுகிற அந்தப் பெட்டி வடிவ சில்தான். வெளிச் சில், உள் சில், நடுவில் ஒரு நிமிர்ந்த தகடு, அடியில் காசில் ரெயில் என்று சொல்லும் மடிப்புத் தகடு என்று பல தகடுகள் சேர்ந்து அந்தப் பெட்டி உருவாகிறது. முன் மட்கார்டுக்குள் ஈரச் சேறு தங்கும், பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவுவார்கள், அது அந்தப் பெட்டிக்குள் போய் உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

இதை ஒழுங்காகச் சரிசெய்வது பெரிய வேலை. முன் மட்கார்டை போல்ட் கழற்றி எடுக்க வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும், கதவு இருக்கும் இடத்தில் குறுக்குக் கம்பி வைத்து பாடி தொய்யாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் பழைய சில்லை வெட்டி எடுக்க முடியும். உள்ளே இருக்கிற தகடு எல்லாவற்றையும் மாற்றினால்தான் அர்த்தம். இதற்கு நாள் ஆகும், காசு ஆகும். அதனால் பலர் குறுக்குவழி எடுத்தார்கள். பழைய அழுகல் சில்லின் மேலேயே ஒரு மேல்தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசித் தேய்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுவார்கள். அதுவும் விளம்பரத்தில் 'புது சில்' என்றுதான் வரும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது என்பதால் அதன் அடிமுனை சில்லோடு சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வழவழவென்று கோடே இல்லாமல் ஓடினால் அங்கே பட்டியோ மேல்தகடோ இருக்கிறது. அடுத்து, கதவின் பின் விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்துவிட்டது. தாங்குகம்பி வைக்காமல் சில்லை வெட்டியவர்கள் அந்தத் தொய்வை அப்படியே நிரந்தரமாகப் பற்றவைத்திருப்பார்கள். அதைப் பெயின்ட் மறைக்காது.

விற்பவர் சம்மதித்தால், ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, அந்த நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல பாடி என்றால் கதவு முன்பு போலவே மூடும். இடித்தாலோ இடைவெளி மாறினாலோ அந்த வண்டிக்கு எலும்பு இல்லை. ஜாக்கி வைக்கவே கூடாது என்று விற்பவர் மறுத்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

காந்தம் ஒன்று கொண்டு போங்கள், மெல்லிய துணியில் சுற்றி. சில், கதவின் அடிவிளிம்பு, கதவுக்குப் பின்னால் பின்சக்கர வளைவுக்கு முன்னால் இருக்கும் மூலை, முன் மட்கார்டின் பின்பகுதி, இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கால எம்ஜிபி-க்கு பானெட் அலுமினியம். அதில் காந்தம் ஒட்டாது. அதை வைத்து விற்பவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். உண்மையில் 1966 வண்டியில் பானெட்டில் காந்தம் ஒட்டினால்தான், பிற்கால இரும்பு பானெட் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சீட்டுக்குப் பின்னால் தரையடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி உட்காரும் தொட்டிகள் இருக்கும். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அந்தத் தொட்டிகளும் பக்கத்தில் பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடமும் அரித்துப்போவது வழக்கம். கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத்தகட்டையும் பாருங்கள். இந்தக் கூரைகள் எல்லாமே கொஞ்சம் ஒழுகும், அதில் ஆச்சரியமில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் நிரந்தரமாகத் தங்குகிறதா என்பதுதான் விஷயம். கதவின் மேல்விளிம்பில், முன்பக்க முக்கோணக் கண்ணாடி முடியும் இடத்துக்குக் கீழே, விரிசல் விழுவது இந்த மாடலின் பழக்கம். அது பெரிய குறையல்ல, விலை பேச உதவும்.

இப்போது 'புதுப்பித்தது' என்பதைப் பற்றி. பெயின்ட் காய்ந்து இரண்டு மாதமான வண்டியைவிட, பத்து வருடத்துக்கு முன் புதுப்பித்து அதன் பிறகு ஓட்டிக்கொண்டும் இருந்த வண்டியை நான் விரும்புவேன். புதுப் பெயின்டில் எல்லா வண்டியும் அழகுதான். மோசமான வெல்டிங்கும் பட்டியும் சில குளிர்காலங்கள் கழித்துத்தான் கொப்புளமாக வெளியே வரும். பத்து வருடம் தாண்டியும் சில் ஓரம் சுத்தமாக இருக்கிறது என்றால் வேலை செய்தவர் கைசுத்தமானவர். இன்னொன்று: எம்ஜிபி-யை அடித்தட்டிலிருந்து ஒழுங்காகப் புதுப்பிக்க ஆகும் செலவு, அதை விற்றால் வரும் விலையைத் தாண்டிவிடுவது சகஜம். தனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்துச் செய்தவர் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வார். விற்கவே புதுப்பித்தவரால் தாங்க முடியாது, எங்கோ மிச்சம் பிடித்தே ஆக வேண்டும். மிச்சம் பிடிக்க வசதியான இடம் கண்ணுக்குத் தெரியாத இடம். ஆகவே வாங்கி எவ்வளவு நாள் ஆனது, புதுப்பித்த பிறகு எத்தனை மைல் ஓடியது, ஏன் விற்கிறீர்கள் என்ற மூன்றையும் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள்.

போட்டோ கேட்கும்போது முடிந்த வண்டியின் போட்டோ வேண்டாம். தகடு வெட்டிய நிலையில், மட்கார்டு இல்லாமல், கதவிடத்தில் குறுக்குக் கம்பியோடு, சில்லின் உள்தகடு தெரியும்படி எடுத்தது வேண்டும். அது இதே வண்டிதான் என்று அடையாளமும் தெரிய வேண்டும். பில்களையும் பாருங்கள். எந்தத் தகடு வாங்கினார்கள், எந்தப் பட்டறையில் எத்தனை மணி நேர வெல்டிங் என்று பில் சொல்லும்.

சில வண்டிகளில் பாடியே முழுக்கப் புதிதாக இருக்கும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-இல் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபி-க்குப் புது பாடி தயாரிக்க ஆரம்பித்தது. அப்படிப்பட்ட வண்டி என்றால், ஓட்டுவதற்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அந்த பாடி வாங்கிய ரசீது கையில் இருக்க வேண்டும், பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-விடம் பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க அது தேவைப்படும்.

ஹெரிடேஜ் சான்றிதழ் என்பது வேறு. பெயர் ஒற்றுமையால் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தன் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துக் கொடுப்பது அது. வண்டி என்றைக்குத் தயாரானது, என்ன நிறம், என்ன எஞ்சின் எண், எந்த நாட்டுக்குப் போனது என்று சொல்லும். எம்ஜி-யின் அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளோடு அதன் பேச்சு முடிந்தது. இன்றைய தகட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விளம்பரத்தில் அதைத் தர முத்திரை மாதிரிப் போடுவது விற்பனைத் தந்திரம்.

ஆனாலும் அந்தச் சான்றிதழை வைத்து ஒரு வேலை செய்யலாம். எஞ்சின் அறைக்குள் இருக்கும் தகட்டில் சேஸிஸ் எண் (தனிச் சேஸிஸ் இல்லாவிட்டாலும் வண்டியின் அடையாள எண்ணை அப்படித்தான் சொல்வார்கள்) பாருங்கள். அந்த வருட ரோட்ஸ்டருக்கு ஜிஹெச்என்3 என்று தொடங்கும். அடுத்து எல் என்ற எழுத்து இருந்தால் இடப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்த வண்டி, பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போனது. எம்ஜிபி-யில் பெரும்பகுதி அங்கேதான் விற்றது, பின்னாளில் நிறைய திரும்பி வந்தன. கலிஃபோர்னியா, அரிசோனா மாதிரி காய்ந்த ஊரில் இருந்த வண்டி என்றால் தகடு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். வலப்பக்க ஸ்டியரிங்காக மாற்றியிருப்பார்கள், இந்த மாடலில் அது பெரிய சிக்கல் இல்லை. எனக்கு அப்படிப்பட்ட வண்டி மேல் கொஞ்சம் கூடுதல் ஆசையே உண்டு. மறைத்து விற்றால்தான் கோபம் வரும்.

எஞ்சின் எண் 18ஜிபி என்று தொடங்கினால் சரியான எஞ்சின். 1964-இன் கடைசியில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் மூன்றிலிருந்து ஐந்தானது, உங்கள் 1966 வண்டி ஐந்து பேரிங் காலத்தது. சான்றிதழில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் தூக்கம் கெட வேண்டாம். இவ்வளவு வருடத்தில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம். அசல் எஞ்சின் இருந்தால்தான் முழு விலை கிடைக்கும் ஜாகுவார் இ-டைப் என்றால் நான் வேறு மாதிரிப் பேசுவேன்.

எஞ்சின் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், வார்ப்பிரும்பு பிளாக். முரட்டு எஞ்சின். கெட்டாலும் சரிசெய்ய ஆள் உண்டு, ஸ்பேர் எல்லாம் கிடைக்கும். பார்க்கப் போகிறேன் என்று சொல்லும்போதே, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் டிக் டிக் என்று சத்தம் வரும், அது எஸ்யூ பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது டேங்கில் பெட்ரோல் இல்லை. நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 முதல் 70 பிஎஸ்ஐ, நின்ற இடத்தில் 15-க்குக் குறையாமல் இருந்தால் போதும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை வந்தால் வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது. 'பிரித்துச் சேர்த்த' எஞ்சினில் அது வரக் கூடாது.

சிலிண்டர் ஹெட்டில் கெட்டிப்படுத்திய வால்வ் சீட் போட்டார்களா என்று பில்லில் தேடுங்கள். பழைய வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது பெட்ரோலில் இருந்த ஈயம்தான்; ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு தொடங்கியதும் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. எஞ்சினைப் பிரித்தும் இதைச் செய்யாமல் விட்டவர் வேறு எதை விட்டார் என்று கேட்கத் தோன்றும். பெட்ரோல் போடும்போது எத்தனால் அதிகம் கலந்த இ10 வேண்டாம், குறைவாகக் கலந்த இ5 சூப்பர் போடுங்கள். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தின்றுவிடும்.

கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (வண்டி ஓடும்போதே கியர் கடகடக்காமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகே போட வேண்டும். அது பழுதல்ல, பிறவியிலேயே அப்படி. 1967 கடைசியில் வந்த மார்க் 2 என்ற திருத்திய மாடலில்தான் எல்லா கியருக்கும் சின்க்ரோ வந்தது. கூடவே டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் முறை போய் நெகட்டிவ் எர்த் ஆனது. தினசரி ஓட்ட நினைக்கிறவருக்கு மார்க் 2 இன்னும் கொஞ்சம் வசதி, தோற்றத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. உங்கள் 1966 வண்டியில் பாசிட்டிவ் எர்த் அப்படியே இருக்கிறதா, மாற்றிவிட்டார்களா என்று கட்டாயம் கேட்டு வையுங்கள். தெரியாமல் ஒருநாள் ஜம்ப் லீடைத் தலைகீழாகக் கொடுத்தால் செலவுதான். மாற்றியிருந்தாலும் மோசமில்லை.

ஓவர்டிரைவ் இருக்கிறதா? அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுழல விடும் கூடுதல் கியர் அது; அப்போது கூடுதல் விலை கொடுத்துப் போட்டுக்கொள்ளும் வசதி. மூன்றாவதிலும் நான்காவதிலும் வேலை செய்யும். மோட்டார்வேயில் அது இல்லாமல் அரை மணி நேரம் போனால் காது இரைந்துவிடும். இருந்தால் டேஷ்போர்டு சுவிட்சைத் தட்டியதும் சட்டென்று எஞ்சின் வேகம் குறைய வேண்டும். கிளட்ச் வழுக்கினால் எஞ்சினை வெளியே எடுக்காமல் மாற்ற முடியாது, அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்போக் சக்கரம் என்றால், மெதுவாக ரிவர்ஸ் எடுத்து உடனே முன்னால் விட்டுப் பாருங்கள். பின்னால் 'டொக்' என்று ஒரு அடி கேட்டால், சக்கரமும் ஹப்பும் பல்லோடு பல் பிடிக்கும் இடம் தேய்ந்திருக்கலாம். ஆக்ஸிலுக்குள் உள்ள வாஷர் தேய்ந்தாலும் இதே சத்தம் வரும். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்: பல் தட்டையான முனையோடு இருக்க வேண்டும், கத்தி மாதிரிக் கூர்மையாகிவிட்டால் ஹப், சக்கரம் இரண்டையும் மாற்ற வேண்டும். ஸ்டியரிங் கனமாக இருந்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு யாரும் கிரீஸ் அடிக்கவில்லை. கூரையை நீங்களே ஒருமுறை போட்டு, ஒருமுறை கழற்றுங்கள்.

சட்ட விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்னும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. வாங்குபவருக்கு இது நல்ல செய்தி மாதிரித் தெரியும். ஆனால் புதுப்பித்த பிறகு அந்த வண்டியை வெளியாள் ஒருவர் கூட அடியில் படுத்துப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை என்பதும் இதன் அர்த்தம். கட்டாயமில்லையே தவிர, விரும்பினால் எம்ஓடி செய்துகொள்ளலாம். "செலவு என்னுடையது, நான் சொல்லும் இடத்தில் ஒரு எம்ஓடி பார்த்துவிடுவோம்" என்று கேளுங்கள். நியாயமானவர் சரி என்பார். பதிவு எண்ணைப் போட்டால் 2005-க்குப் பிந்தைய எம்ஓடி வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். பழைய சோதனையில் 'சில் அருகே துரு' என்று ஒருமுறை எழுதியிருந்து, அதன் பிறகு சோதனையே இல்லாமல் திடீரென்று பளபள பெயின்டோடு விற்பனைக்கு வந்திருந்தால், என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவர் பதிவுபெற்ற பொறுப்பாளர்தான், உரிமையாளர் என்பதற்கு அது ஆதாரமில்லை. வாங்கிய ரசீதைக் கேளுங்கள், கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியாகச் சோதித்துவிடுங்கள். விளம்பரத்தை அப்படியே சேமித்து வையுங்கள். தனிநபரிடம் வாங்கும்போது டீலரிடம் கிடைக்கும் பாதுகாப்பு கிடையாது. ஆனால் சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற விதி தனிநபருக்கும் உண்டு. 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று அவரே எழுதியிருக்கிறார்.

விலை ஏறுமா என்று கேட்டீர்கள். 1962 முதல் 1980 வரை ரோட்ஸ்டரும், நிலையான கூரை வைத்த ஜிடி-யும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. இது அபூர்வ வண்டி இல்லை. குரோம் பம்பர் வைத்த ஆரம்பகால வண்டிக்கு, 1974-க்குப் பிந்தைய கறுப்பு ரப்பர் பம்பர் வண்டியைவிட மதிப்பு அதிகம், உங்களுடையது அந்த நல்ல பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் முதலீடு என்று கணக்குப் போட்டால் இன்ஷூரன்ஸ், கராஜ், டயர் எல்லாம் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூரையைக் கழற்றிவிட்டு ஓட்ட ஆசையிருந்தால் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது 'ஒப்புக்கொண்ட மதிப்பு' வகை பாலிசி கேளுங்கள். சாதாரண பாலிசியில் வண்டி போனால் சந்தை மதிப்பு எவ்வளவு என்று அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சில் சரியில்லை, ஆனால் மற்றதெல்லாம் பிரமாதம் என்று வந்தால் விட்டுவிடுங்கள். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்தக் குறைப்பு வெல்டிங் செலவில் பாதிக்குக் கூட வராது, வெல்டிங் முடிந்தால் அந்த அழகான பெயின்டும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். மாறாக, சில் திடமாக இருந்து, பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து, எஞ்சின் கொஞ்சம் புகை விட்டாலும் அந்த வண்டிக்கு நான் முன்பணம் கொடுப்பேன். எம்ஓடி பாஸானால் மீதி என்று எழுதி வாங்கிக்கொண்டு.